தொடர்புள்ள ப்ராஜெக்ட்களைக் கோப்பது எப்படி: துணை ப்ராஜெக்ட்டா, இணைப்பா, ஒரே பட்டியலா?

கிளைவழி:

வணக்கம் நண்பர்களே.

ஒரே தயாரிப்புக்காக உழைக்கும் ஐந்து டீம்களின் வேலையை ரெட்மைன் என்ற வேலைக் கண்காணிப்பு மென்பொருளில் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. மொபைல் ஆப், சர்வர், டிசைன், டெஸ்டிங், பயனர் கையேடு. இப்போது ஐந்தும் தனித்தனி ப்ராஜெக்ட்களாக, ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாமல் கிடக்கின்றன.

இதனால் வரும் தொல்லையைச் சொல்கிறேன். ஆப் டீமின் ஒரு டிக்கெட்டை, அதாவது ஒரு வேலைக்கான பதிவை, திறந்தால் "சர்வர் பக்கம் முடியட்டும், காத்திருக்கிறோம்" என்று ஒரு கமெண்ட் இருக்கும். சர்வர் பக்கம் எந்த டிக்கெட் முடிய வேண்டும் என்பது இருக்காது. சர்வர் டீமைக் கேட்டால், தங்களுக்காக ஒருவர் காத்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. "அடுத்த ரிலீஸுக்கு இன்னும் என்ன பாக்கி?" என்று மேலிடத்தில் கேட்டால், ஐந்து பட்டியலையும் எக்ஸெலில் கொட்டி, கையால் பொறுக்கித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு மூன்று வழிகள் தெரிகின்றன. எல்லாவற்றையும் ஒரே ப்ராஜெக்ட்டில் போட்டு வகை பிரிப்பது. தாய் ப்ராஜெக்ட் ஒன்றை உருவாக்கி ஐந்தையும் அதன் கீழே வைப்பது. அல்லது இருப்பதை அப்படியே விட்டுவிட்டு டிக்கெட்களை மட்டும் ஒன்றோடொன்று இணைப்பது. மூன்றாவதைச் செய்து பார்த்தபோது, வேறு ப்ராஜெக்ட்டின் எண்ணைக் கொடுத்தால் "ஒரே ப்ராஜெக்ட்டைச் சேர்ந்ததல்ல" என்று மறுத்துவிடுகிறது. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

வேர்முடிச்சு:

கடைசியா கேட்டதுக்கு மட்டும் முதல்ல பதில். அது பிழை இல்லை, ஒரு செட்டிங். ரெட்மைன்ல ப்ராஜெக்ட் தாண்டி டிக்கெட்டை இணைக்கிற வசதி, நிறுவினதும் அணைஞ்சுதான் இருக்கும். அட்மினிஸ்ட்ரேஷன், செட்டிங்ஸ், அதுக்குள்ள இஷ்யூ டிராக்கிங் போங்க. ப்ராஜெக்ட்களுக்கு இடையிலான இணைப்பை அனுமதின்னு ஒரு டிக் பெட்டி இருக்கும். அட்மினால மட்டும்தான் தொட முடியும். பக்கத்துலயே ப்ராஜெக்ட் தாண்டி துணை டாஸ்க் (ஒரு டிக்கெட்டுக்குக் கீழ இன்னொரு டிக்கெட்) வைக்கிறதுக்கும் ஒரு தேர்வு இருக்கு. அதை இப்போ தொடாதீங்க, அது தனிக் கதை.

உங்களுக்கு ஒரு சாதகம்: ரெட்மைன்ல டிக்கெட் எண் முழு நிறுவலுக்கும் பொது. ஒரு டிக்கெட்டை ஆப்ல இருந்து சர்வருக்கு மாத்தினாலும் எண் மாறாது. ஜிராங்கிற இதே மாதிரி மென்பொருள்ல ப்ராஜெக்ட்டை மாத்தினா டிக்கெட்டோட சாவி, அதாவது ப்ராஜெக்ட் குறியோட சேர்ந்த எண், மாறிடும், பழைய சாவியில போனா புதுசுக்குக் கூட்டிட்டுப் போகும். கோடு வைக்கிற தளங்களான கிட்லேப், கிட்ஹப்ல ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் எண் 1-ல இருந்து தனியா ஓடும், அதனால வெளியில இருந்து சுட்டும்போது ப்ராஜெக்ட் பேரையும் சேர்த்து எழுதணும். நீங்க எண்ணை மட்டும் எழுதினா போதும். அதனால பயப்படாம இடம் மாத்திப் பார்க்கலாம்.

நெடுங்கணக்கு:

கிளைவழி, உங்கள் மூன்று வழிகளும் ஒரே கேள்விக்கான மூன்று விடைகள் போலத் தோன்றுகின்றன. எனக்கு அவை மூன்று வேறு கேள்விகளாகப் படுகின்றன. இதைப் பிரித்துப் பார்க்காமல் மென்பொருளில் கை வைத்தால், எந்த மென்பொருளானாலும் ஆறு மாதத்தில் திரும்பவும் இதே இடத்தில் நிற்பீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதல் கேள்வி, இந்த வேலை யாருடையது? யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், யார் மூடலாம்? இதற்கு விடை ப்ராஜெக்ட்டும் அதன் கிளை அமைப்பும். ரெட்மைனில் உறுப்பினர்களும் அவர்களுடைய ரோல்களும் (யாருக்கு என்ன உரிமை என்பது) ப்ராஜெக்ட்டோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. துணை ப்ராஜெக்ட் தாயிடமிருந்து உறுப்பினர்களை வாரிசாகப் பெறலாம், பெறாமலும் இருக்கலாம். கிளை வரைவது என்றால் பொறுப்பின் எல்லையை வரைவது.

இரண்டாம் கேள்வி, எது எதற்காகக் காத்திருக்கிறது? இதற்கு விடை டிக்கெட்டுக்கும் டிக்கெட்டுக்கும் இடையிலான இணைப்பு. கிளை அமைப்பு இதைச் சொல்லவே சொல்லாது. ஆப்பும் சர்வரும் ஒரே தாயின் கீழே பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், எந்த டிக்கெட் எதைத் தடுக்கிறது என்பது யாருக்கும் தெரிந்துவிடப் போவதில்லை. பலர் தாய் ப்ராஜெக்ட் ஒன்றை உருவாக்கிவிட்டு "எல்லாவற்றையும் இணைத்துவிட்டோம்" என்று நிறைவடைகிறார்கள். பட்டியல்கள் அருகருகே வந்திருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாம் கேள்வி, எவையெல்லாம் சேர்ந்து வெளியே போகின்றன? இதற்கு ரெட்மைனில் வெர்ஷன் இருக்கிறது. தாய் ப்ராஜெக்ட்டில் ஒரு வெர்ஷனை உருவாக்கி, துணை ப்ராஜெக்ட்களோடு பகிர்வதாக அமைத்தால், ஐந்து டீம்களும் தங்கள் டிக்கெட்களை அந்த ஒரே வெர்ஷனுக்குக் குறி வைக்கலாம். அந்த வெர்ஷனின் பக்கத்தைத் திறந்தால் ஐந்து ப்ராஜெக்ட்டின் டிக்கெட்களும் ஒரே இடத்தில், எவ்வளவு முடிந்தது என்ற பட்டையோடு நிற்கும். உங்கள் மேலிடம் கேட்கும் கேள்விக்கு எக்ஸெல் இல்லாமலே விடை கிடைத்துவிடும்.

ஆகவே என் பரிந்துரை, இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் சேர்ந்தது. தாயும் பிள்ளைகளும் பொறுப்புக்காக, இணைப்பு காத்திருப்புக்காக, பகிர்ந்த வெர்ஷன் ரிலீஸுக்காக. ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் ஏற்றாதீர்கள்.

வெண்பலகை:

நான் இதுக்கு நேர் எதிர்.

ஐந்து டீம், ஒரே தயாரிப்பு, ஒரே ரிலீஸ்னா எதுக்கு ஐந்து ப்ராஜெக்ட்? ஒண்ணு போதும். நாங்க ஜிராவுல அப்படித்தான் வெச்சிருக்கோம். ஜிராவுல துணை ப்ராஜெக்ட்டே கிடையாது, ப்ராஜெக்ட்களை ஒரு கேட்டகரிக்குள்ள சேர்க்கலாம், அவ்வளவுதான். அதனால ஒரே ப்ராஜெக்ட், உள்ள ஆப், சர்வர்னு காம்போனென்ட், அதாவது பகுதிப் பெயர். ஒவ்வொரு டீமுக்கும் டிக்கெட்களைக் காட்டுற ஒரு போர்டு, போர்டுக்குப் பின்னாடி எது தெரியணும்னு வடிகட்டுற ஒரு ஃபில்டர். ஆப் டீம் தன் போர்டைப் பார்க்கும். மேனேஜர் ஃபில்டரே இல்லாத போர்டைப் பார்ப்பார்.

இதுல பெரிய லாபம் என்னன்னா, ஒரு டிக்கெட் எங்க போடணும்னு யாரும் யோசிக்க வேண்டாம். ஐந்து ப்ராஜெக்ட் இருந்தா பாதி நேரம் "இது யாரோட வேலை"ன்னு தள்ளிவிடுற விளையாட்டுதான் நடக்கும். எல்லை போட்டா எல்லைச் சண்டை வரும்.

சோதனைக்கூடம்:

வெண்பலகை சொல்வதில் ஒரு பாதியை ஏற்கிறேன். புதிய பிழையைப் பதிவு செய்பவருக்கு அது ஆப்பிலா சர்வரிலா என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் டெஸ்டிங் டீமில் இது தினசரிப் பிரச்சினை. திரையில் தப்பு தெரிகிறது. காரணம் எங்கே என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலையல்ல. அதற்காகத் தாய் ப்ராஜெக்ட்டையே வரவேற்பறையாக வைத்துக்கொண்டோம். தெரியாத பிழையெல்லாம் அங்கே விழும், பிறகு ஒருவர் அதைச் சரியான துணை ப்ராஜெக்ட்டுக்கு நகர்த்துவார். எண் மாறாது என்று வேர்முடிச்சு சொன்னது இங்கேதான் கைகொடுக்கிறது.

ஆனால் ஜிராவில் ஓடுவது ரெட்மைனில் அப்படியே ஓடாது. ரெட்மைனில் ஒரு டிக்கெட் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்ற வொர்க்ஃப்ளோ, டிராக்கரையும் (பிழை, அம்சம் போன்ற டிக்கெட் வகை) ரோலையும் வைத்து முடிவாகிறது. கையேடு எழுதுபவர்களுக்கு "வரைவு, திருத்தம், ஒப்புதல்" வேண்டும். சர்வர் டீமுக்கு "கோடு ரிவ்யூ, டெஸ்ட், டிப்ளாய்" வேண்டும். ஒரே ப்ராஜெக்ட்டில் இதைச் செய்தால் ஒவ்வொரு டீமுக்கும் ஒரு டிராக்கர் என்று பெருகி, புது டிக்கெட் திறக்கும் எல்லோருக்கும் எல்லா டிராக்கரும் கண்ணில் படும். தனி ப்ராஜெக்ட் என்றால் அதற்கு வேண்டிய டிராக்கரை மட்டும் டிக் செய்துவிடலாம்.

மெயிலையும் மறக்காதீர்கள். ஒரே ப்ராஜெக்ட்டில் எல்லோரும் உறுப்பினர் என்றால், "என் எல்லா ப்ராஜெக்ட்களின் எல்லா நிகழ்வுகளும்" என்று வைத்திருப்பவருக்குக் கையேட்டில் ஒரு காற்புள்ளி திருத்தினாலும் மெயில் போகும். மனிதர்கள் அந்த மெயிலைப் படிப்பதையே நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு உண்மையிலேயே முக்கியமான அறிவிப்பும் படிக்கப்படாது.

வெண்பலகை:

மெயில் விஷயம் சரி, ஒத்துக்கிறேன். வொர்க்ஃப்ளோ வேற வேறன்னா பிரிக்கிறதுதான் நல்லது. ஆனா ஆள் எண்ணிக்கையைப் பார்க்கணும். ஐந்து டீம்னாலும் மொத்தம் எட்டுப் பத்துப் பேர், அதுவும் ரெண்டு பேர் மூணு டீம்ல இருக்காங்கன்னா, நான் இப்பவும் ஒரே ப்ராஜெக்ட்னுதான் சொல்வேன். கிளைவழி, உங்க ஆட்கள் எத்தனை?

கிளைவழி:

நாற்பதுக்குப் பக்கம். டீம்களுக்கு இடையே ஆட்கள் கலப்பது குறைவு. கையேடு டீமில் வெளியிலிருந்து எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சர்வர் டீமின் டிக்கெட்களைப் பார்க்கக் கூடாது.

வெண்பலகை:

அப்போ பிரிச்சே ஆகணும். பார்க்கக் கூடாதவங்க இருந்தாலே கேள்வி முடிஞ்சது.

அச்சுக்கோர்ப்பு:

நான் மென்பொருள் துறை இல்லை, புத்தகத் தயாரிப்பு. எழுத்தாளரிடமிருந்து பிரதி வந்து, எடிட்டிங், மெய்ப்பு, அட்டை வடிவமைப்பு, பக்க அமைப்பு, அச்சு என்று போகும். நாங்கள் ஆசானா என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அதில் ஒரே டாஸ்க்கை ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராஜெக்ட்களில் வைக்கலாம். "அட்டை இறுதி ஒப்புதல்" என்ற டாஸ்க் அந்தப் புத்தகத்தின் ப்ராஜெக்ட்டிலும் இருக்கும், வடிவமைப்பாளர்களின் ப்ராஜெக்ட்டிலும் இருக்கும். பிரதி எடுத்தது அல்ல, ஒரே டாஸ்க். எங்கே முடித்தாலும் இரண்டு இடத்திலும் முடிந்ததாகக் காட்டும், கமெண்டும் ஒன்றே.

எனக்கு இது இணைப்பைவிட நேர்த்தியாகத் தெரிகிறது. இரண்டு டிக்கெட் போட்டு இணைத்தால் ஒன்றை மூடி மற்றதை மூட மறப்பது வருமே? ரெட்மைனில் இதற்கு வழி இல்லையா?

நெடுங்கணக்கு:

அச்சுக்கோர்ப்பு, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வியை நீங்கள் தொட்டிருக்கிறீர்கள். ரெட்மைனில் ஒரு டிக்கெட்டுக்கு ஒரு ப்ராஜெக்ட்தான். ஆனால் வசதி இருக்கிறதா என்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும்: இது ஒரு வேலையா, இரண்டு வேலையா?

அட்டை ஒப்புதல் ஒரே வேலை. ஒருவர் செய்கிறார், இரண்டு தரப்பு பார்க்க விரும்புகிறது. பார்வைதான் இரண்டு. அதற்கு ஆசானாவின் வழி மிகச் சரி. ரெட்மைனில் என்றால், டிக்கெட்டை ஒரு இடத்தில் வைத்துவிட்டு, சேமித்த தேடல் மூலம் இன்னொரு பட்டியலில் காட்ட வேண்டும். கிட்ஹப்பில் பல கோடு களஞ்சியங்களின் இஷ்யூக்களை (டிக்கெட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) ஒரு ப்ராஜெக்ட்டில் சேர்த்துப் பார்ப்பதும், ஜிராவில் ஒரு போர்டின் ஃபில்டரில் பல ப்ராஜெக்ட்களைக் கொண்டுவருவதும் இதே வகைதான்.

ஆனால் "சர்வர் புதிய லாகின் முறையைத் தர வேண்டும், ஆப் அதைப் பயன்படுத்தித் திரையை அமைக்க வேண்டும்" என்பது இரண்டு வேலை. செய்பவர்கள் வேறு, முடிந்தது என்பதற்கான அளவுகோல் வேறு, முடியும் நாளும் வேறு. இதை ஒரே டாஸ்க்காக இரண்டு ப்ராஜெக்ட்டில் வைத்தால் நடப்பது என்ன? சர்வர் ஆள் தன் வேலை முடிந்ததும் மூடுவார். ஆப் பட்டியலிலும் அது முடிந்ததாகிவிடும், அங்கே இன்னும் தொடங்கவே இல்லை. அல்லது இருவரும் மற்றவர் மூடட்டும் என்று விட்டுவிடுவார்கள். கைமாறும் இடம் ஒன்று இருந்தால் அங்கே இரண்டு டிக்கெட்டும் நடுவில் ஓர் இணைப்பும் வேண்டும்.

நீங்கள் பயப்படும் மறதி, ஒரே வேலையை இரண்டாகப் பதிவு செய்தால் வருவது. வேலையே இரண்டாக இருக்கும்போது ஒன்று மூடி ஒன்று திறந்திருப்பதுதான் உண்மை நிலவரம்.

அச்சுக்கோர்ப்பு:

புரிந்தது. எங்களிடம் "மெய்ப்பு முடிந்து பக்க அமைப்புக்குப் போவது" என்பதும் இதுவரை ஒரே டாஸ்க்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கேதான் எப்போதும் "முடிந்ததா இல்லையா" என்ற பேச்சு எழும். நீங்கள் சொன்ன பிறகு அதன் காரணம் தெரிகிறது.

கிளைவழி:

வேர்முடிச்சு, அந்த செட்டிங்கை அட்மினிடம் சொல்லி இயக்கிவிட்டேன், இணைப்பு ஏறுகிறது. நன்றி.

அடுத்த சந்தேகம். இணைப்பு போடும்போது "தொடர்புடையது", "தடுக்கிறது", "முந்துகிறது", "இரட்டிப்பு" என்று பல வகை வருகிறது. எதை எப்போது போடுவது? எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "தொடர்புடையது" என்றே போட ஆரம்பித்துவிட்டார்கள். இன்னொன்று, இணைப்புக்குப் பதில் ஆப் டிக்கெட்டைத் தாயாக வைத்து, சர்வர் டிக்கெட்டை அதன் துணை டாஸ்க்காகப் போட்டால் என்ன?

வேர்முடிச்சு:

ஒவ்வொண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ரெட்மைன் உள்ளுக்குள்ள வேற வேற மாதிரி நடந்துக்கும்.

தொடர்புடையது: எதுவும் செய்யாது. ரெண்டு பக்கமும் ஒரு வரி காட்டும். படிக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான். இதை மட்டுமே போட்டா உங்க "காத்திருக்கிறோம்" கமெண்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

தடுக்கிறது: இதுதான் உங்களுக்கு வேணும். சர்வர் டிக்கெட் திறந்திருக்கிற வரைக்கும் ஆப் டிக்கெட்டை மூட முடியாது. வேலையை ஆரம்பிக்கலாம், நடத்தலாம், மூடுறது மட்டும் தடை. பாதி வேலையை முன்னாடியே செஞ்சு வெச்சிக்கலாம்ங்கிறதால இது நடைமுறைக்கு ஒத்து வரும்.

முந்துகிறது, பிந்துகிறது: இது தேதியைப் பிடிச்சு இழுக்கும். முந்தைய டிக்கெட்டோட முடிவுத் தேதி தள்ளிப் போனா, பிந்தையதோட தொடக்கத் தேதியும் தானா தள்ளிப் போகும். நடுவுல இத்தனை நாள் இடைவெளின்னும் கொடுக்கலாம். ஒரே டீமுக்குள்ள நல்லா இருக்கும். டீம் தாண்டி போட்டா, சர்வர்ல ஒருத்தர் தேதியை மாத்தினதும் ஆப் டீமோட திட்டம் அவங்களைக் கேட்காமலே நகர்ந்துடும். எனக்கு அது பிடிக்காது. தேதி மாறுறதை ரெண்டு மனுஷங்க பேசித் தீர்மானிக்கட்டும்.

இரட்டிப்பு: ஒரே பிழையை ரெண்டு பேர் பதிஞ்சிருந்தா. மூலத்தை மூடினா இரட்டிப்பும் மூடிக்கும். டெஸ்டிங் டீமுக்கு இது வரப்பிரசாதம்.

துணை டாஸ்க்: தாயோட தேதி, முன்னுரிமை, முடிஞ்ச சதவீதம் மூணையும் பிள்ளைகள்ல இருந்து கணக்குப் போடவும் வைக்கலாம், சுதந்திரமாவும் வைக்கலாம். அதுவும் நிறுவல் முழுசுக்குமான செட்டிங். கணக்குப் போடுற மாதிரி இருந்தா, தாய் டிக்கெட்டோட தேதியை ஆப் டீமால கையால மாத்த முடியாது, சர்வர் டீமோட தேதிதான் அங்க வந்து உட்காரும். ஆப் வேலை சர்வர் வேலையோட மொத்தம் இல்லையே. ஒரு பெரிய அம்சத்தைத் தாய் ப்ராஜெக்ட்ல ஒரு டிக்கெட்டா வெச்சு, அதுக்குக் கீழ ஆப் ஒண்ணு, சர்வர் ஒண்ணு, கையேடு ஒண்ணுன்னு பிரிச்சா அது சரியான தாய் பிள்ளை. அதுக்குத்தான் அந்த இன்னொரு செட்டிங், ப்ராஜெக்ட் மரத்துக்குள்ளன்னு வெச்சா போதும்.

இப்போ ஒரு எச்சரிக்கை. கையேடு எழுதுற வெளி ஆட்கள் சர்வர் ப்ராஜெக்ட்டைப் பார்க்க முடியாதுன்னு சொன்னீங்க. அவங்களோட டிக்கெட்டை ஒரு சர்வர் டிக்கெட் தடுக்குதுன்னு போட்டீங்கன்னா, பார்க்க உரிமை இல்லாத டிக்கெட்ங்கிறதால அந்த இணைப்பே அவங்க கண்ணுக்குத் தெரியாது. ஆனா தடை மட்டும் வேலை செய்யும். திறந்திருக்கிற ஒரு டிக்கெட் தடுக்குதுன்னு தெரிஞ்சாலும் எதுன்னு தெரியாம தவிப்பாங்க. அந்த மாதிரி இடத்துல ரெண்டு பேரும் பார்க்கக்கூடிய ஒரு டிக்கெட்டைத் தாய் ப்ராஜெக்ட்ல போட்டு, அது வழியா இணைங்க.

சோதனைக்கூடம்:

வேர்முடிச்சு விளக்கியது கருவி. நான் அதற்கு மேல் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணைப்புகள் பெரும்பாலும் மென்பொருளால் கெடுவதில்லை. போட்டுவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காததால் கெடுகின்றன.

டீம் தாண்டும் ஒவ்வொரு தடுப்பு இணைப்புக்கும் ஒரு நடைமுறை வேண்டும். நாங்கள் கடைப்பிடிப்பது: காத்திருப்பவர்தான் டிக்கெட் எழுத வேண்டும், அதுவும் தருபவரின் ப்ராஜெக்ட்டில். ஆப் டீமுக்கு சர்வரிலிருந்து ஒன்று வேண்டுமென்றால், ஆப் டீம் ஆள் சர்வர் ப்ராஜெக்ட்டுக்குள் போய், தனக்கு என்ன வேண்டும், எது கிடைத்தால் தன் வேலை நகரும் என்று எழுதி, தன் டிக்கெட்டை அது தடுப்பதாக இணைப்பார். சர்வர் டீம் அதை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம், பொறுப்பாளர் பெயரும் முடிவுத் தேதியும் போடுவது. இரண்டும் இல்லாதவரை அது வெறும் கோரிக்கை. ஆப் டீம் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

இதற்காக எல்லா டீம் உறுப்பினர்களுக்கும் மற்ற ப்ராஜெக்ட்களில் ரிப்போர்ட்டர் போன்ற ஒரு ரோல் தேவை. டிக்கெட் திறக்கலாம், கமெண்ட் போடலாம், இணைப்பை நிர்வகிக்கலாம். மற்றவரின் டிக்கெட்டைத் திருத்த முடியாது. இணைப்பை நிர்வகிக்கும் பர்மிஷன் தனியாக இருக்கிறது, அதை டிக் செய்ய மறந்துவிட்டால் எல்லாம் வீண்.

பிறகு, தேடல். ரெட்மைனின் ஃபில்டரில் இணைப்பு வகைகளும் உண்டு, பலர் கவனித்திருக்க மாட்டார்கள். "இதைத் தடுப்பது: திறந்திருக்கும் ஏதேனும் டிக்கெட்" என்று தேடலாம். "குறிப்பிட்ட ப்ராஜெக்ட்டில் உள்ள ஏதேனும் டிக்கெட்" என்றும் தேடலாம். முதலாவதை எல்லா ப்ராஜெக்ட்களுக்கும் பொதுவான தேடலாகச் சேமித்து வையுங்கள். அதுதான் "காத்திருப்போர் பட்டியல்". எதிர்ப்பக்கமாக, "இது தடுப்பது: திறந்திருக்கும் ஏதேனும் டிக்கெட்" என்பதையும் சேமியுங்கள், அது ஒவ்வொரு டீமும் காலையில் முதலில் பார்க்க வேண்டிய பட்டியல். தனக்குள்ளேயே இருக்கும் வேலையைவிட, வெளியே ஒருவரை நிறுத்தி வைத்திருக்கும் வேலை முன்னால் வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முன்னுரிமை நெடுவரிசை இதைச் சொல்வதில்லை. இந்தத் தேடல் சொல்லிவிடும்.

மைல்கல்:

புதிதாக வருகிறேன். கட்டுமானத் திட்டமிடல் பக்கம் இருப்பவன், மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்தான் எங்களுக்கு. அங்கே மாஸ்டர் ப்ராஜெக்ட் என்று ஒரு கோப்பைத் திறந்து, அதற்குள் மற்றக் கோப்புகளைத் துணை ப்ராஜெக்ட்களாகச் செருகலாம். ஒரு கோப்பின் டாஸ்க்கை இன்னொரு கோப்பின் டாஸ்க்கோடு இணைத்தால், வெளி டாஸ்க் சாம்பல் நிறத்தில் நிழலாக வந்து நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். கோப்பை யாராவது வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலோ பெயர் மாற்றினாலோ இணைப்பு அறுந்துவிடும். நீங்கள் சர்வரில் ஓடும் மென்பொருள் வைத்திருப்பதால் அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.

தேதி தானாக நகர்வது பற்றி வேர்முடிச்சோடு எனக்குக் கருத்து வேறுபாடு. கட்டுமானத்தில் அஸ்திவாரம் ஒரு வாரம் தள்ளினால் சுவரும் ஒரு வாரம் தள்ளியே தீரும், பேசி மாற்ற அங்கே ஒன்றும் இல்லை. முடிந்தபின் தொடங்கு என்ற உறவு இயற்பியல் சார்ந்ததாக இருந்தால் தேதியைத் தானாகவே ஓடவிடுங்கள். அது எங்கே வந்து முட்டுகிறது என்று உடனே தெரிவதுதான் லாபம். 1950-களின் கடைசியில், மொத்தக் கால அளவைத் தீர்மானிக்கும் வேலைச் சங்கிலியைக் கண்டுபிடிக்கும் கிரிட்டிகல் பாத் முறை வந்ததே இதற்காகத்தான். ஒப்பந்தத்தால் வரும் உறவு, பேசினால் மாறக்கூடியது என்றால் மட்டும் வேர்முடிச்சு சொல்வதுபோல் தடுப்பு போதும்.

வேர்முடிச்சு:

நல்ல பிரிவு. ஏத்துக்கிறேன். மென்பொருள்ல பெரும்பாலானது ரெண்டாவது வகைங்கிறதால அப்படிச் சொன்னேன். சர்வர் முடியறதுக்கு முன்னாடியே பொய்யான பதில் தர்ற ஒரு மாதிரிச் சேவையை வெச்சு ஆப் வேலையை ஓட்டலாம். சுவர்ல அது நடக்காது.

நெடுங்கணக்கு:

ஒன்று மட்டும் இன்னும் பேசப்படவில்லை: ப்ராஜெக்ட்களின் பெயர்.

கிளைவழி, உங்கள் ஐந்தில் "மொபைல் ஆப்", "சர்வர்", "பயனர் கையேடு" ஆகியவை பொருளின் பெயர்கள். "டிசைன்", "டெஸ்டிங்" டீம்களின் பெயர்கள். பொருளின் பெயரில் ப்ராஜெக்ட் வைத்தால் டீம் மாறினாலும் அது நிலைக்கும். டீமின் பெயரில் வைத்தால், அடுத்த முறை அமைப்பு மாறும்போது உடையும். இரண்டு டீம்களை ஒன்றாக்கினால் பழைய டிக்கெட்களை எங்கே வைப்பது? டீமைக் கலைத்துவிட்டால் அதன் ப்ராஜெக்ட்டில் திறந்து கிடக்கும் பிழைகள் யாருக்கு?

மெல்வின் கான்வே 1968-இல் எழுதியது இங்கே பொருந்துகிறது. ஓர் அமைப்பு உருவாக்கும் எதுவும், அந்த அமைப்புக்குள் மனிதர்கள் எப்படித் தொடர்புகொள்கிறார்களோ அதே வடிவத்தை எடுக்கும் என்பது அவர் கருத்து. ப்ராஜெக்ட் மரத்தை டீம் வாரியாக வரைந்தால் அந்த வடிவத்தை நீங்களே இன்னும் இறுக்கிக் கட்டுகிறீர்கள். டெஸ்டிங் தனி ப்ராஜெக்ட்டாக இருக்கும்போது டெஸ்டிங் என்பது கடைசியில் வேறொருவர் செய்யும் வேலையாகவே நடத்தப்படும். டெஸ்டிங் டிக்கெட்கள் ஆப்பிலும் சர்வரிலும், அதது அதனதன் இடத்தில் இருக்கட்டும். டெஸ்டிங் டீமுக்கு எல்லா ப்ராஜெக்ட்டையும் தாண்டிய சேமித்த தேடல் ஒன்று போதும்.

சோதனைக்கூடம்:

டெஸ்டிங் டீமில் இருந்துகொண்டு இதை வழிமொழிகிறேன். ஒரு விதிவிலக்கு: டெஸ்ட் கருவிகள், தானியங்கி டெஸ்ட்களின் கோடு ஆகியவை தனிப் பொருள். அதற்குத் தனி ப்ராஜெக்ட் வேண்டும்.

கிளைவழி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டீம் தலைவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ததைப் போடுகிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

தயாரிப்பின் பெயரில் தாய் ப்ராஜெக்ட். அதற்குக் கீழே மொபைல் ஆப், சர்வர், கையேடு, டெஸ்ட் கருவிகள். டெஸ்டிங் ப்ராஜெக்ட்டின் டிக்கெட்களை ஆப்புக்கும் சர்வருக்கும் பிரித்து நகர்த்துகிறோம். இடம் தெரியாத பிழைகள் தாயில் விழும். அவற்றைப் பிரிக்க வாரம் ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம். வெர்ஷன்கள் தாயில் மட்டும், துணை ப்ராஜெக்ட்களோடு பகிர்ந்து. டீம் தாண்டினால் "தடுக்கிறது" மட்டுமே, காத்திருப்பவர் எழுத வேண்டும், தருபவர் பெயரும் தேதியும் போட வேண்டும். வெளி எழுத்தாளர்களுக்குக் கையேட்டில் மட்டும் உரிமை. அவர்கள் தாயையும் பார்க்கத் தேவையில்லாதபடி, பொது டிக்கெட்டைக் கையேட்டிலேயே வைத்து, அதற்கு ஒரு சர்வர் ஆளைப் பொறுப்பாக்குகிறோம்.

இடறுவது டிசைன் மட்டும். அந்த டீம் எங்கள் தயாரிப்புக்கு மட்டுமல்ல, இன்னும் இரண்டு தயாரிப்புகளுக்கும் வேலை செய்கிறது. எங்கள் மரத்துக்குள் வைத்தால் மற்றவர்கள் ஏற்க மாட்டார்கள். வெளியே வைத்தால் எங்கள் வெர்ஷன் அவர்களுக்குக் கிடைக்காது.

வேர்முடிச்சு:

வெளியிலேயே இருக்கட்டும். வெர்ஷனை எல்லா ப்ராஜெக்ட்களோடும் பகிர அட்மினால முடியும், ஆனா அப்படிச் செஞ்சா நிறுவல்ல இருக்கிற எல்லாரோட பட்டியல்லயும் உங்க வெர்ஷன் வந்து நிக்கும். வேண்டாம்.

டிசைனுக்கு உங்க ரிலீஸ் பேர் தேவையில்லை, எந்தத் தேதிக்குள்ள வேணும்ங்கிறதுதான் தேவை. நீங்க டிசைன் ப்ராஜெக்ட்ல டிக்கெட் எழுதி, அது உங்க ஆப் டிக்கெட்டைத் தடுக்குதுன்னு இணைச்சிடுங்க. உங்க ஆப் டிக்கெட் வெர்ஷன்ல இருக்கு, அது மூடாதுன்னா ரிலீஸ்ல பாக்கியா தெரியும். அதோட "தடுப்பது: டிசைன் ப்ராஜெக்ட்ல உள்ள ஏதேனும் டிக்கெட்"னு ஒரு தேடலைச் சேமிச்சு டிசைன் டீம் தலைவருக்கும் காட்டுங்க. மூணு தயாரிப்பும் இதையே செஞ்சா, தன் டீம் யாரையெல்லாம் நிறுத்தி வெச்சிருக்குன்னு அவருக்கு ஒரே இடத்துல தெரியும்.

பழைய டெஸ்டிங் ப்ராஜெக்ட்டை டிக்கெட் நகர்த்தினதும் அழிச்சிடாதீங்க, மூடுங்க. மூடினா படிக்க மட்டும் முடியும், பழைய விக்கியும் கோப்புகளும் அப்படியே இருக்கும். இன்னொண்ணு, ரெட்மைன்ல டிக்கெட்களை வகை பிரிக்கிற கேட்டகரி ப்ராஜெக்ட்டுக்கு ப்ராஜெக்ட் தனித்தனி. நகர்த்துறதுக்கு முன்னாடி ஆப்லயும் சர்வர்லயும் அதே பேர்ல கேட்டகரி உருவாக்கி வெச்சிடுங்க, இல்லைன்னா நகரும்போது அந்தத் தகவல் காலியாயிடும்.

கிளைவழி:

கேட்டகரி விஷயம் தெரியாமல் நகர்த்தத் தொடங்கியிருப்பேன், மிக்க நன்றி. முதலில் பத்து டிக்கெட்டை மட்டும் நகர்த்திச் சரிபார்த்துவிட்டு, மீதியை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மாற்றுகிறோம். டிசைன் தலைவரிடம் அந்தத் தேடலைக் காட்டினேன். மற்ற இரண்டு தயாரிப்புகளிடமும் இதே முறையைக் கேட்டு வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.